63–3: ஆரஞ்சு பௌலுக்கு ஆட வராதவர்கள்

2023 டிசம்பர் 30, மயாமி கார்டன்ஸ் நகரின் ஹார்ட் ராக் மைதானத்தில் ஆரஞ்சு பௌல் ஆட்டம். அந்தப் பருவத்தில் ஆடிய 13 ஆட்டங்களையும் வென்றிருந்த ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி, ஜார்ஜியா பல்கலைக்கழக அணியிடம் 63–3 என்று தோற்றது. இடைவேளையிலேயே 42–3. எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுனை ஜார்ஜியா ஒன்பது முறை போட்டது. ஓடியும் எறிந்தும் அது கடந்த தூரம் 673 யார்டு. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பருவம் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டங்களின் வரலாற்றில் இத்தனை பெரிய வித்தியாசத்தில் எந்த அணியும் தோற்றதில்லை.

மைதானத்தில் ஃபுளோரிடா ஸ்டேட்டின் சட்டை இருந்தது. அந்த 13 வெற்றிகளைத் தேடித்தந்தவர்கள் பலர் அந்தச் சட்டைக்குள் இல்லை. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முதல் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் முறிந்து ஆறு வாரமாகியிருந்தது. இரண்டாவது குவார்ட்டர்பேக் டேட் ரோடமேக்கர் வேறு கல்லூரிக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டார். பந்து பிடிப்பதில் அணியின் பெரிய பெயர்களான கீயான் கோல்மனும் ஜானி வில்சனும், முதல் ஓட்டக்காரர் டிரே பென்சனும், தற்காப்பு வரிசையின் நட்சத்திரம் ஜேரட் வெர்ஸும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் ஏப்ரலில் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கவிருந்த டிராஃப்டை மனதில் வைத்து ஒதுங்கிக்கொண்டார்கள். உதவித்தொகை பெறும் வீரர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் அன்று ஆடவில்லை. பந்தை எறிய வந்தவர் பிராக் கிளென் என்ற முதலாண்டு மாணவர்.

டிக்கெட் விற்றாகிவிட்டது, விளம்பரம் விற்றாகிவிட்டது, ஆட்டம் நடந்தது. ‘பௌல் ஆட்டங்களுக்கு இனி என்ன மதிப்பு’ என்று அமெரிக்காவில் அதற்குமுன் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியை இவ்வளவு அப்பட்டமாக ஸ்கோர்போர்டில் எழுதிக் காட்டிய இன்னொரு ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

தோற்காத அணி வெளியே நின்றது எப்படி

அப்போதிருந்த முறை இது. பருவம் முடிந்ததும் 13 பேர் கொண்ட தேர்வுக் குழு அணிகளை வரிசைப்படுத்தும். முதல் நான்கு அணிகள் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்குப் போகும். அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, அவ்வளவுதான். மற்ற நல்ல அணிகளுக்குப் பௌல் ஆட்டங்கள். 2014 பருவத்திலிருந்து ஓடிய இந்த முறைக்கு 2023தான் கடைசி வருடம்; அடுத்த பருவத்திலிருந்து 12 அணிகள் என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. ஒரே ஒரு வருடம் தள்ளி நடந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம்.

நவம்பர் 18 அன்று நார்த் அலபாமா என்ற சின்ன அணிக்கு எதிரான ஆட்டத்தில் டிராவிஸுக்குக் கால் போனது. ஃபுளோரிடா ஸ்டேட் அந்த ஆட்டத்தை எளிதாக வென்றது. அடுத்த வாரம் ரோடமேக்கரை வைத்து, பரம எதிரியான ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை 24–15 என்று அவர்கள் ஊரிலேயே வென்றது. அதில் ரோடமேக்கருக்குத் தலையில் அடி. டிசம்பர் 2 அன்று, அணி சேர்ந்திருந்த ஏசிசி என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் மூன்றாவது ஆளாகக் கிளென் இறங்கினார். லூயிவில்லை 16–6 என்று வென்றார்கள். பார்க்க அழகாக இல்லை. ஆனால் தற்காப்பு வரிசை எதிரணியை ஒரு டச்டவுன்கூடப் போட விடவில்லை.

அதே நாள் அட்லாண்டாவில், தொடர்ந்து 29 ஆட்டங்களை வென்றிருந்த ஜார்ஜியாவை அலபாமா 27–24 என்று வீழ்த்தியது. குழுவின் கணக்கு அங்கேதான் குழம்பியது. மறுநாள் வெளியான வரிசை: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. ஐந்தாவது ஃபுளோரிடா ஸ்டேட், ஆறாவது ஜார்ஜியா. ஐந்து பெரிய கூட்டமைப்புகளில் ஒன்றைத் தோல்வியே இல்லாமல் வென்ற அணி நான்கில் இடம் பெறாமல் போனது அந்த முறையில் அதுவே முதல் தடவை.

குழுவின் தலைவர் பூ கோரிகன் சொன்ன காரணம், டிராவிஸ் இல்லாத ஃபுளோரிடா ஸ்டேட் வேறு அணி என்பது. விதிப்படி அப்படிப் பார்க்க இடமிருந்தது. முக்கிய வீரர் இல்லாமை இனிவரும் ஆட்டத்தைப் பாதிக்குமா என்று எடைபோடலாம் என குழுவின் நடைமுறைக் குறிப்பிலேயே உண்டு. சரி, விதி இருக்கிறது. ஆனால் அந்த முடிவைக் கேட்ட வீரர்களுக்கு அது என்ன சொல்லிக்கொடுத்தது? மூன்று மாதம் ஆடி வென்றது போதாது, இனி ஆடினால் எப்படி ஆடுவீர்கள் என்று நாங்கள் நினைக்கிறோமோ அதுதான் கணக்கு என்று. டிராவிஸ், பருவத்தில் இன்னும் முன்னதாகவே என் கால் உடைந்திருக்கக் கூடாதா, குவார்ட்டர்பேக்கைத் தாண்டி இந்த அணி எவ்வளவு பெரியது என்று எல்லோரும் பார்த்திருப்பீர்களே என்ற பொருள்பட எழுதினார். கால் உடைந்தவன் அணியிடம் மன்னிப்புக் கேட்கிற நிலை.

இந்த வீரர்களுக்குத்தான் ஆறுதல் பரிசாக ஆரஞ்சு பௌல் கிடைத்தது. அதுவும் யாரும் அன்போடு கூப்பிட்டு வந்ததில்லை. ஏசிசி சாம்பியன் பிளேஆஃபுக்குப் போகாவிட்டால் ஆரஞ்சு பௌலில் ஆடும் என்று ஒப்பந்தம்.

ஊர் நடத்திய திருவிழா

இந்த ஆட்டங்கள் யாருக்காகத் தொடங்கின என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். 1902 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில், ரோஜா அணிவகுப்புக்குக் கூட்டம் சேர்க்க ஓர் ஆட்டம் வைத்தார்கள். மிச்சிகன் 49–0 என்று ஸ்டான்ஃபோர்டை நொறுக்கியது. ஆட்டம் சுவாரசியமாக இல்லை என்று அடுத்த ஆண்டுகளில் ஃபுட்பாலை விட்டுவிட்டு ரதப் பந்தயமெல்லாம் நடத்திப் பார்த்தார்கள். 1916ல்தான் ஃபுட்பால் திரும்பியது. உலகப் பொருளாதார மந்தம் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய 1930களில், குளிர்காலத்திலும் வெயிலடிக்கும் தெற்கு நகரங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. 1935ல் மயாமியில் ஆரஞ்சு பௌல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல். 1937ல் டாலஸில் காட்டன் பௌல். வடக்கே பனியில் உறைந்து கிடப்பவர்கள் ரயிலேறி வரவேண்டும், ஹோட்டலில் தங்கவேண்டும், செலவழிக்கவேண்டும். ஆரஞ்சு பௌலை நடத்தும் உள்ளூர்க் குழுவினர் இன்றைக்கும் ஆரஞ்சு நிறக் கோட்டு போட்டுக்கொண்டுதான் மைதானத்தில் நிற்பார்கள். வென்ற அணிக்குக் கொடுக்கும் கோப்பையில் நிஜ ஆரஞ்சுப் பழங்கள் குவிந்திருக்கும். விளையாட்டுக் கோப்பையைவிட அது நகராட்சியின் சுற்றுலா விளம்பரம் மாதிரிதான் எனக்குத் தோன்றும்.

விளையாட்டு உலகமும் இதை நெடுங்காலம் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி செய்தி நிறுவனத்தின் தேசிய சாம்பியன் வாக்கெடுப்பு 1967 பருவம் வரை, 1965ஐத் தவிர, பௌல் ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். 1964 பருவத்தின் சாம்பியன் என்று அலபாமாவை அறிவித்தார்கள். அப்புறம் 1965 ஜனவரி 1 அன்று ஆரஞ்சு பௌலில் டெக்சஸிடம் அது 21–17 என்று தோற்றது. பட்டம் பட்டமாகவே இருந்தது. பௌல் ஆட்டத்தில் ஒரு வீரர் எடுக்கும் யார்டுகளை அவரது அதிகாரபூர்வமான கணக்கில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ சேர்க்கத் தொடங்கியதே 2002ல்தான். நோட்ர டேம் பல்கலைக்கழகம் 1925ல் ரோஸ் பௌல் ஆடிவிட்டு, அதன்பின் 1970 ஜனவரி வரை பௌல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதனால் அதன் புகழ் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நடுவில் ஒரு காலம் வந்தது. வாக்கெடுப்பு பௌலுக்குப் பிறகு என்று மாறியதும் சில பௌல் ஆட்டங்களில் பட்டமே தொங்கியது. 1984 ஜனவரி 2 இரவு அதே ஆரஞ்சு பௌலில் நெப்ராஸ்காவும் மயாமியும் மோதியதை இன்றும் பேசுகிறார்கள். கடைசி நிமிடத்தில் டச்டவுன் போட்டு 31–30 என்று நெருங்கிய நெப்ராஸ்கா, ஒரு உதை உதைத்துச் சமன் செய்திருந்தால் பெரும்பாலும் தேசிய சாம்பியன். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் சமனை வேண்டாமென்று, உதைக்காமல், வெற்றி தரும் இரண்டு புள்ளிக்குப் போனார். எறிந்த பந்தை மயாமி வீரர் ஒருவர் விரலால் தட்டிவிட்டார். பட்டம் மயாமிக்குப் போனது. பௌல் ஆட்டத்துக்கு ஒரு கௌரவம் உண்டு, பாரம்பரியம் உண்டு என்று இன்று புலம்பும் பெரியவர்கள் மனதில் இருப்பது இந்த மாதிரி இரவுகள்தாம். அந்தக் கௌரவத்தைத் தந்தது ஆரஞ்சுப் பழம் அல்ல, அன்றைக்குத் தொங்கிய பட்டம். 1998ல் முதல் இரண்டு அணிகளை மட்டும் மோதவிடும் முறையும், 2014ல் பிளேஆஃபும் வந்தபோது பட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சப் பௌல்களில் பழைய பெயரும் பழைய பெருமையும் தங்கின.

இருபத்தேழு நாள்

தேர்வுக் குழு முடிவு சொன்னது டிசம்பர் 3. ஆட்டம் டிசம்பர் 30. இந்த இடைவெளிக்குள் ஒரு கல்லூரி வீரனின் எதிர்காலம் பற்றிய முடிவுகள் அத்தனையும் வந்து குவிகின்றன.

கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் டிசம்பர் 4 அன்று திறந்தது. ஜனவரி 2 அன்று மூடியது. ஜனவரியில் புதிய கல்லூரியில் வகுப்பு தொடங்கும், அதற்குள் இடம் பிடித்தாக வேண்டும். பௌலுக்காகக் காத்திருந்தால் நல்ல இடமெல்லாம் போய்விடும். ரோடமேக்கர் பெயர் கொடுத்ததற்கு அவரைத் திட்டினார்கள். ஆனால் டிராவிஸுக்குப் பின்னால் இத்தனை ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு ஆட வாய்ப்பு இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். அதை எந்த ஊரில் வாங்கலாம் என்று அவர் பார்த்ததில் என்ன தப்பு இருக்கிறது? மாறினால் ஒரு வருடம் சும்மா உட்காரவேண்டும் என்ற பழைய விதியும் 2021ல் தளர்ந்துபோயிருந்தது. டிசம்பர் 20 அன்று, அடுத்த வருடம் சேரும் பள்ளி மாணவர்கள் கையெழுத்திடும் நாள். பயிற்சியாளர்களுக்கு அந்த வாரமெல்லாம் தூக்கமே கிடையாது. பௌல் பயிற்சி நடுவில் எங்கேயோ நடக்கும்.

டிராஃப்ட் போகிறவர்களின் கணக்கு இன்னும் எளிது. இதே மைதானம், இதே பௌல், இதே தேதி: 2016 டிசம்பர் 30. எதிரணி ஃபுளோரிடா ஸ்டேட்டேதான். மிச்சிகனின் டைட் எண்ட் (பந்து பிடிக்கவும் எதிரணியைத் தடுக்கவும் செய்பவர்) ஜேக் பட் அன்று ஆடி முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். முன்வரிசையில் எடுக்கப்படுவார் என்று பேசப்பட்டவரை ஐந்தாம் சுற்றில், 145வது ஆளாகத்தான் டென்வர் எடுத்தது. டிராஃப்டில் விலை இறங்கினால் ஈடு தரும் காப்பீடு எடுத்து வைத்திருந்தார், அது கொஞ்சம் தாங்கியது. 2021ல் ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார். அதற்கு முந்தைய பருவத்தில், 2016 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா பௌலில் நோட்ர டேமின் ஜேலன் ஸ்மித்துக்கு முழங்காலோடு நரம்பும் போனது. முதல் ஐந்து பேருக்குள் வருவார் என்றார்கள். 34வது ஆளாகப் போனார். முதல் பருவம் முழுக்க ஆடவே முடியவில்லை.

அதே 2016ன் கடைசியில் லூசியானா ஸ்டேட்டின் லெனார்ட் ஃபோர்னெட்டும் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் ‘பௌலில் ஆடமாட்டோம்’ என்று சொன்னபோது, நண்பர்களைக் கைவிட்டவர்கள் என்று ஏச்சு விழுந்தது. ஏப்ரலில் ஃபோர்னெட் 4வது ஆளாகவும் மெக்காஃப்ரி 8வது ஆளாகவும் போனார்கள். ஆடாமல் விட்டதற்காக என்எஃப்எல் அணிகள் காசைக் குறைக்கப் போவதில்லை என்று எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்துபோனது. அதன்பின் யாரும் தயங்கவில்லை. 2023ல் ஒதுங்கிய ஜேரட் வெர்ஸை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 19வது ஆளாக எடுத்தது. முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் விருது. கோல்மனை பஃபலோ 33வது ஆளாக எடுத்தது. ஆரஞ்சு பௌலில் ஆடியிருந்தால் இவர்களுக்குக் கூடுதலாக என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்தால், ஒரு பை நிறைய பொருள்தான். பௌல் அமைப்பாளர்கள் ஒரு வீரருக்கு அதிகபட்சம் 550 டாலர் மதிப்புக்குப் பரிசு தரலாம் என்பது அப்போதைய என்சிஏஏ விதி. ஹெட்ஃபோன், கைக்கடிகாரம், முதுகுப்பை என்று ஒரு ஹோட்டல் அறையில் பரப்பி வைத்திருப்பார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எவ்வளவு

‘பௌலின் மதிப்பு’ என்று ஒற்றை எண்ணாகப் பேசுவதில்தான் குழப்பமே. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் விலை வேறு.

தொலைக்காட்சிக்கு இது தங்கம். டிசம்பர் கடைசியில் அமெரிக்கர்கள் வீட்டில் இருக்கிறார்கள், நேரலையாக எதையாவது காட்டவேண்டும். விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன் பல பௌல் ஆட்டங்களைக் காட்டுவதோடு நிற்கவில்லை. அதன் துணை நிறுவனமே பதினைந்துக்கும் மேற்பட்ட பௌல்களைச் சொந்தமாக நடத்துகிறது. ஆள் இல்லாத வேலைநாள் பிற்பகலில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் இரண்டு அணிகள் மோதுவதைப் பார்த்து, இதை யார் கேட்டார்கள் என்று நினைப்பவர்கள் இந்த விவரத்தை மறந்துவிடுகிறார்கள். 2023ல் நாற்பதுக்கும் மேற்பட்ட பௌல்களை நிரப்ப, ஆறு ஆட்டம் வென்றிருக்க வேண்டும் என்ற தகுதிகூடப் போதவில்லை. ஐந்தே ஆட்டம் வென்ற மின்னசோட்டாவையும் கூப்பிட்டார்கள். வந்து, ஜெயித்தும் விட்டது.

கூட்டமைப்புகளுக்குப் பணம் உண்டு, ஆனால் பெரிய பணம் பிளேஆஃப் பக்கம். அரையிறுதிக்குப் போகும் ஒவ்வோர் அணிக்கும் 60 லட்சம் டாலர் அதன் கூட்டமைப்புக்குப் போனது. அந்த வருட ரோஸ் பௌல் அரையிறுதியில் மிச்சிகனும் அலபாமாவும் மோதியதைப் பார்த்தவர்கள் 2 கோடியே 77 லட்சம் பேர். அந்த மேடையில் நிற்கவேண்டியவர்கள் நாங்கள் என்பதுதான் ஃபுளோரிடா ஸ்டேட்டின் ஆத்திரம். ஆரஞ்சு பௌலுக்கு எட்டு நாள் முன்பு, டிசம்பர் 22 அன்று, பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு கூடி, ஏசிசி கூட்டமைப்பின் மீதே வழக்குப் போட்டது. விலகினால் கட்டவேண்டிய தொகையும் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தமும் செல்லாது என்று கேட்டார்கள். அதே கூட்டமைப்பின் சாம்பியனாகத்தான் எட்டு நாள் கழித்து அணி மைதானத்தில் இறங்கியது. வழக்கு 2025 மார்ச்சில் சமரசமானது.

கல்லூரிக்கு லாபம் என்று சொல்லமுடியாது. விற்றாலும் விற்காவிட்டாலும் இத்தனை டிக்கெட்டுக்கு நீங்கள் பொறுப்பு என்று பௌல் அமைப்பு எழுதி வாங்கிக்கொள்ளும். 2011 ஃபியஸ்டா பௌலுக்குப் போன கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் தலையில் 17,500 டிக்கெட்டைக் கட்டினார்கள். நாட்டின் மறுமுனையில் இருக்கும் அரிசோனாவுக்கு ரசிகர்கள் வரவில்லை. ஓக்லஹோமாவிடம் 48–20 என்று தோற்றதோடு 15 லட்சம் டாலருக்கு மேல் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினார்கள். பரிசு வாங்கப் போய் மொய் எழுதிவிட்டு வந்த கதை.

பயிற்சியாளருக்கு உண்மையான லாபம் ஒன்று உண்டு. அதை யாரும் சுவரொட்டியில் போடுவதில்லை. பௌலுக்குத் தகுதி பெற்றால் டிசம்பரில் சுமார் 15 பயிற்சி நாட்கள் கூடுதலாகக் கிடைக்கும். அடுத்த வருட அணியை அப்போதே கட்டத் தொடங்கலாம். நட்சத்திரங்கள் போய்விட்டால் பெஞ்சில் இருந்த பையன்களுக்கு அத்தனை பந்தும் வரும். ஃபுளோரிடா ஸ்டேட் பயிற்சியாளர் மைக் நோர்வெலுக்கும் அந்த லாபம் கிடைத்திருக்கவேண்டும். ஆனால் அடுத்த பருவத்தில் அவர் அணி 2 வென்று 10 தோற்றது. இதை ஆரஞ்சு பௌலோடு முடிச்சுப் போடுவது நியாயமில்லை. டிராஃப்டுக்கு அத்தனை பேரை அனுப்பிய அணி சரியாக நிரப்பிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். என்றாலும் அந்தக் கூடுதல் நாட்கள் ஒரு அணியைத் தாங்கிப் பிடித்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல சான்று இல்லை.

எதிர்ப்பக்கம் ஜார்ஜியா

ஜார்ஜியாவும் ஏமாந்து வந்த அணிதான். டிசம்பர் முதல் நாள்வரை நாட்டின் முதலிடம், மூன்றாவது தொடர் பட்டத்துக்கான வாய்ப்பு. ஒரே இரவில் எல்லாம் போனது. அங்கேயும் பிராக் பவர்ஸும் அமேரியஸ் மிம்ஸும் ஆடவில்லை, இருவருமே பின்னர் முதல் சுற்றில் போனவர்கள். மாற்று குவார்ட்டர்பேக் பிராக் வேண்டக்ரிஃப் கென்டக்கிக்குப் போய்விட்டார். ஆனால் மற்றவர்கள் இருந்தார்கள். கார்சன் பெக் எறிந்தார், கெண்டல் மில்டன் இரண்டு டச்டவுனுக்கு ஓடினார். அப்புறம் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று இறக்கியும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

ஏன் இருந்தார்கள்? பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் அங்கே வளர்த்த பழக்கம் ஒரு காரணம் என்பார்கள், அதை மறுக்கமுடியாது. எனக்கு இன்னொன்றும் கண்ணில் படுகிறது. அந்த வருடம் விடைபெற்ற நான்காண்டு மூத்தவர்களுக்கு அது 50வது வெற்றி; நான்கு பருவத்தில் தோல்வி நான்கே நான்கு. அவர்கள் முடிக்கவேண்டிய ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. ஃபுளோரிடா ஸ்டேட்காரர்களுக்கோ, எதை முடிக்கவேண்டுமோ அதை முடித்தாயிற்று. அது போதாது என்று சொல்லியும் ஆயிற்று. ஆட்டம் முடிந்ததும் ஸ்மார்ட் கொண்டாடவில்லை. எதிரணிப் பையன்களுக்கு நடந்தது வருத்தமானது, கல்லூரி ஃபுட்பால் இதைச் சரிசெய்தாக வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

அன்றிரவே இன்னொரு குரலும் எழுந்தது. பார்த்தீர்களா, 63–3, குழு சரியாகத்தான் சொன்னது என்று. இது அபத்தம். அலபாமாவுக்குப் பதிலாக அரையிறுதிக்குப் போயிருந்தால் வெர்ஸும் கோல்மனும் பென்சனும் ஆடியிருப்பார்கள், ரோடமேக்கர் இருந்திருப்பார். தோற்றிருக்கலாம், அது வேறு விஷயம். ஏற்கெனவே கைவிட்டுப்போன ஒருநாள் தொடரின் கடைசி ஆட்டத்தில் புதுமுகங்களை இறக்கித் தோற்றதை வைத்து அந்த அணியின் தரத்தை யாரும் அளப்பதில்லை. ஏபி வரிசைக்கு வாக்களிப்பவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. பௌலுக்கு முன் ஏபி வரிசையில் நான்காவதாக இருந்த ஃபுளோரிடா ஸ்டேட், வரலாறு காணாத அந்தத் தோல்விக்குப் பிறகு ஆறாம் இடத்துக்குத்தான் இறங்கியது. அறுபது புள்ளி வித்தியாசத்துக்கு இரண்டு இடம்! பௌல் முடிவுக்கு என்ன எடை என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான விடை கிடைக்காது.

வெட்டி ஆட்டங்களா எல்லாம்?

இல்லை. அதே டிசம்பரில் நடந்த வேறு இரண்டைப் பார்க்கவேண்டும். டிசம்பர் 16 அன்று நியூ ஆர்லியன்ஸ் பௌலில் ஜாக்சன்வில் ஸ்டேட், லூசியானாவைக் கூடுதல் நேரத்தில் 34–31 என்று வென்றது. அலபாமா மாநிலத்தின் இந்தச் சின்னக் கல்லூரிக்கு மேல்நிலைப் பிரிவில் அது முதல் பருவம், முதல் பௌல். அங்கே ஒதுங்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

டிசம்பர் 28 அன்று ஆர்லாண்டோவில் பாப்-டார்ட்ஸ் பௌல். டோஸ்டரில் சுட்டுத் தின்னும் இனிப்புப் பண்டத்தின் பெயரில் ஓர் ஆட்டம். கேன்சஸ் ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் போர்ட்டலில் இருந்தார். பதிலுக்கு வந்த முதலாண்டு மாணவர் ஏவரி ஜான்சன் எறிந்தார், ஓடினார், ஆட்டநாயகன் ஆனார். கேன்சஸ் ஸ்டேட் 28–19 வென்றது. முடிந்ததும், ஆட்டம் முழுக்க ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த பாப்-டார்ட் வேடக்காரர் ஒரு ராட்சத டோஸ்டருக்குள் மெல்ல இறங்கினார். கீழே இருந்து ஆள் உயரத்துக்கு நிஜப் பண்டம் வந்தது. வீரர்கள் கையால் பிய்த்துத் தின்றார்கள். நாடே சிரித்தது. தோற்ற அணி நார்த் கரோலினா ஸ்டேட். அதன் விளையாட்டுத் துறை இயக்குநர் யார் தெரியுமா? ஃபுளோரிடா ஸ்டேட்டை வெளியே நிறுத்திய குழுவின் தலைவர், அதே பூ கோரிகன்.

அந்த வருடப் பௌல்களில் தன் மதிப்பைச் சரியாகப் புரிந்துகொண்டது அந்த டோஸ்டர் ஆட்டம்தான் என்பேன். நான் விளம்பரம், நான் கேளிக்கை, ஒரு முதலாண்டுப் பையனுக்கு மேடை. இதற்கு மேல் எதுவுமில்லை என்று அது வெளிப்படையாகச் சொன்னது. ஆரஞ்சு பௌல்தான் இன்னும் 1984ன் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றது.

ஒரு வருடம் கழித்து அதே மைதானத்தில்

2024 பருவத்தில் 12 அணிப் பிளேஆஃப் வந்தது. முதல் சுற்று கல்லூரி மைதானங்களில், காலிறுதியும் அரையிறுதியும் பெரிய பௌல்களில். 2025 ஜனவரி 9 அன்று ஆரஞ்சு பௌல் ஓர் அரையிறுதி. நோட்ர டேம் 27–24 என்று பென் ஸ்டேட்டை வென்றது. பென் ஸ்டேட்டின் அப்துல் கார்ட்டர் அந்த வருட டிராஃப்டின் முதல் சில பெயர்களில் ஒருவர். முந்தைய சுற்றில் தோளில் அடிபட்டிருந்தது. 2023ன் கணக்குப்படி அவர் உட்கார்ந்திருக்கவேண்டும். அடிபட்ட தோளோடு இறங்கி ஆடினார். ஏப்ரலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை 3வது ஆளாக எடுத்தது. அதே புல், அதே ஆரஞ்சுக் கோட்டு, அதே வயதுப் பையன்கள். வென்றால் இறுதியாட்டம் என்ற ஒன்று மட்டும்தான் புதிது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை என்ற பேச்சை இதற்கப்புறமும் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை.

பிளேஆஃபுக்கு வெளியே இருக்கும் பௌல்களின் நிலைமை அதே அளவுக்கு இறங்கியது. 2025 டிசம்பரில் 10 வென்று 2 தோற்று முடித்த நோட்ர டேம் 12 அணிப் பட்டியலில் இடம் கிடைக்காமல், எந்தப் பௌலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வீரர்கள் தனித்தனியாக ஒதுங்கியது போக, இப்போது அணியே ஒதுங்குகிறது. பயிற்சியாளர் மாறிய ஐயோவா ஸ்டேட்டும், பயிற்சியாளர் ஓய்வு பெற்ற கேன்சஸ் ஸ்டேட்டும், ஆம், அந்த டோஸ்டர் பௌலை வென்ற அதே கேன்சஸ் ஸ்டேட், அந்த வருடம் அழைப்பை மறுத்தன. அவர்களுடைய பிக் 12 கூட்டமைப்பு தலா 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. இரண்டு கல்லூரிகளும் ஆட மறுத்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.